எண்ணைப் போட்டீர்கள், அலகை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் வாகனப் பகுதியில், நெடும்பயணம் கிளம்பும் முன் பார்க்க வேண்டியவை பற்றி ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. எஞ்சின் ஆயில், பிரேக், முகப்பு விளக்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, கடைசியில் டயர்களில் காற்று 30 முதல் 35 வரை இருக்கட்டும் என்று முடித்திருந்தார்கள். 30 முதல் 35 வரை சரி. ஆனால் 35 என்ன? பவுண்டா, கிலோவா, பாரா, கிலோபாஸ்கலா? ஒன்றும் போடவில்லை. படிக்கிறவருக்குத் தெரியாதா என்று நினைத்திருப்பீர்கள். தெரியாமல் ஒருத்தி இருந்தேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் 22 ஆண்டுகளாகச் செவிலியர். மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, இப்போது படுக்கையோடு இருப்பவர்களையும் வயதானவர்களையும் அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்து வருகிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. காலையிலிருந்து சாயங்காலம் வரை என் கையில் இருப்பது பிரஷர் பார்க்கும் கருவி. அப்படிப்பட்டவளே பிரஷரில் கோட்டை விட்டேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

முன்பெல்லாம் எனக்கு ஸ்கூட்டர்தான். அதற்கு முன்சக்கரம் 22, பின்சக்கரம் 29 என்று மனப்பாடமாக இருந்தது. என்ன அலகு என்று ஒருநாளும் கேட்டதில்லை. காற்று அடிக்கிற இடத்தில் எண்ணைச் சொன்னால் அவர்கள் அடித்துவிடுவார்கள். அப்புறம் அண்ணனுடைய பழைய கார் என் கைக்கு வந்தது. வந்த வாரமே, பொறுப்பான ஆள் என்ற நினைப்பில், கையில் எடுத்துப் போகிற சின்ன மின்சாரப் பம்ப் ஒன்று வாங்கினேன். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஒரு ஸ்டிக்கர் தெரிந்தது. முன்சக்கரம் 230, பின்சக்கரம் 210. பக்கத்தில் ஏதோ பொடி எழுத்து. என் பம்பில் 230 என்ற எண்ணே இல்லை. கொஞ்சம் யோசித்தேன். கடைசிப் பூஜ்யத்தைத் தசமமாக எடுத்துக்கொண்டால் 23, 21. ஸ்கூட்டருக்கு 22 வைத்துப் பழகிய கண்ணுக்கு அது ரொம்பப் பொருத்தமாக இருந்தது. பம்பில் 23, 21 என்று வைத்தேன். ஏற்கெனவே அதற்கு மேல் காற்று இருந்ததால், வால்வு ஊசியை அழுத்திக் கொஞ்சம் காற்றை வெளியே வேறு விட்டேன். நல்லாயிருந்த டயரை என் கையாலேயே கெடுத்தேன்.

ஸ்டிக்கரில் இருந்தது கிலோபாஸ்கல். பம்பு காட்டியது பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு அழுத்தம் என்பது. 230 கிலோபாஸ்கல் என்றால் 33 பிஎஸ்ஐக்குச் சற்று மேல். நான் வைத்த 23 பிஎஸ்ஐ என்பது 159 கிலோபாஸ்கல்தான். இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு இல்லாமல் இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். வண்டி மெத்து மெத்தென்று போகிறதே என்று சந்தோஷம் வேறு. ஸ்டீயரிங் கனமாக இருந்ததற்கு, கார் என்றால் இப்படித்தான் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். டயர் அழுத்தத்தைக் கண்காணித்து எச்சரிக்கை விளக்குப் போடும் வசதி அந்தப் பழைய வண்டியில் கிடையாது.

கண்டுபிடித்தது என் நோயாளி ஒருவர். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர், இப்போது ஜன்னலோரக் கட்டில்தான் அவர் உலகம். நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து அவர் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "சிஸ்டர், எனக்கு அப்புறம் பாருங்க. உங்க வண்டிக்கு லோ பிரஷர்."

"இல்லையே ஐயா, நானே பார்த்து 23 வச்சேன்" என்றேன்.

"23 பவுண்டா? காருக்கா?" என்றவர், அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. போய் அந்த ஸ்டிக்கரை மறுபடி படித்து வரச் சொன்னார். பொடி எழுத்தில் கேபிஏ என்று இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அங்கேயே குனிந்து டயரையும் தடவிப் பார்த்தேன். நடுப்பகுதி நன்றாக இருக்க, இரண்டு ஓரங்களிலும் பட்டன், அதாவது தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள், தேய்ந்து மழுங்கியிருந்தது. காற்றுக் குறைந்த டயர் நடுவில் தாங்காமல் ஓரங்களில் சுமையைப் போடும். ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடங்கலில் சூடு ஏறும், உள்ளே இருக்கும் இழைகள் தளரும். வேகமாகப் போகும்போது டயர் வெடிப்பதற்கு அடிக்கடி இந்தச் சூடுதான் காரணம். எரிபொருளும் கூடுதலாகக் குடிக்கும். இதெல்லாம் அவர் படுத்தபடியே எனக்கு நடத்திய பாடம்.

இனி அலகுக்கு வருகிறேன். ரத்த அழுத்தம் 120க்கு 80 என்று சொல்லும்போது நாங்களும் அலகு சொல்வதில்லை. அது மில்லிமீட்டர் பாதரசம். கிட்டத்தட்ட எல்லா ஊரிலும் அதே அலகு என்பதால் சொல்லாமல் விட்டாலும் ஆபத்தில்லை. சர்க்கரை அப்படி இல்லை. வேறு நாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெண், தன் அம்மாவின் பழைய சீட்டில் 126 என்று இருந்ததைப் பார்த்துக் கதிகலங்கிப் போனதை நேரில் பார்த்திருக்கிறேன். அவர் பழகிய அலகில் அதே அளவு வெறும் 7. ஒன்று மில்லிகிராம் கணக்கு, இன்னொன்று மில்லிமோல் கணக்கு. டயர் காற்றும் இந்தச் சர்க்கரை சாதிதான். ஸ்டிக்கரில் ஒரு அலகு, பம்பில் ஒரு அலகு, டயரின் பக்கச்சுவரில் இரண்டு அலகு.

பழைய ஆட்கள் பவுண்டு என்று சொல்வது பிஎஸ்ஐயைத்தான். டயருக்குள் 30 பவுண்டு எடையுள்ள காற்று இருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, ஒரு சிறிய கார் டயருக்குள் இருக்கும் காற்றை நிறுத்தால் ஏறக்குறைய 100 கிராம்தான் வரும். கிலோ என்று சொல்வது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். பார் என்பது 100 கிலோபாஸ்கல். பாருக்கும் கிலோவுக்கும் 2 சதவீதம்தான் வித்தியாசம், அதனால் டயர் விஷயத்தில் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டாலும் குடி முழுகிவிடாது. ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ. கிலோபாஸ்கலைப் பிஎஸ்ஐ ஆக்க 6.9 ஆல் வகுக்க வேண்டும். நான் மனக்கணக்காக 7 ஆல் வகுத்துவிடுகிறேன். 210ஐ 7 ஆல் வகுத்தால் 30. அரை பிஎஸ்ஐ முன்பின் இருக்கும், அவ்வளவுதான்.

பாஸ்கல் என்ற பெயர் பிரெஞ்சு அறிஞர் பிளேஸ் பாஸ்கலுடையது. 1648இல் தன் மைத்துனரைப் பாதரசக் குழாயோடு ஒரு மலை உச்சிக்கு அனுப்பி, மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது என்று காட்டியவர். எங்கள் பழைய பாதரசக் கருவியின் பரம்பரையும் அந்தக் குழாயில்தான் தொடங்குகிறது என்பதில் எனக்கு ஒரு தொழில் பெருமை. ஒரு வேடிக்கைக்காகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் கார் டயரின் 230 கிலோபாஸ்கலை அந்தக் கருவியில் அளப்பதென்றால் பாதரசம் 1,725 மில்லிமீட்டர் ஏற வேண்டும். நான் அவ்வளவு உயரம் இல்லை.

இன்னொரு சங்கதி. கருவி பூஜ்யம் காட்டினால் டயருக்குள் காற்றே இல்லை என்று பொருளில்லை. வெளியே இருக்கிற காற்றழுத்தத்தைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் அது காட்டுகிறது. ரத்த அழுத்தத்துக்கும் அப்படியே.

எந்த எண்ணை நம்புவது என்பதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். டயரின் பக்கச்சுவரில், உதாரணமாக 300 கிலோபாஸ்கல், 44 பிஎஸ்ஐ என்று பொறித்திருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அவ்வளவு அடிக்கச் சொல்லி எழுதியது இல்லை. மருந்துப் பெட்டியில் அதிகபட்ச அளவு என்று போட்டிருந்தால் அதை எல்லா நோயாளிக்கும் கொடுத்துவிட முடியுமா? உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை வண்டியைச் செய்தவர்தான் சொல்ல முடியும். அது கதவுத் தூணிலோ, எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ, கையேட்டிலோ இருக்கும். பெரும்பாலும் இரண்டு கணக்கு கொடுத்திருப்பார்கள்: ஒன்றிரண்டு பேர் போகும்போது ஒன்று, ஆளும் மூட்டையும் நிறைந்து போகும்போது இன்னொன்று. உங்கள் குறிப்பில் வந்த 30 முதல் 35 நிறையக் கார்களுக்குப் பொருந்தலாம், ஆனால் பைக்குக்கும் வேனுக்கும் பொருந்தாது. பந்தய சைக்கிளின் ஒல்லி டயருக்கு 80, 100 பிஎஸ்ஐகூட அடிக்கிறார்கள்.

அதிகமாக அடித்தால் நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. 1,200 கிலோ எடையுள்ள காரில் சக்கரத்துக்கு 300 கிலோ. சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ அழுத்தம் என்றால், டயர் தரையைத் தொடும் இடம் தோராயமாக 130 சதுர சென்டிமீட்டர். விரல்களோடு சேர்த்து என் கையைத் தரையில் வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். நாலு கை அளவு ரப்பர்தான் மொத்த வண்டியையும் சாலையோடு பிடித்துக்கொண்டிருக்கிறது. காற்றைக் கூட்டக் கூட்ட அந்தப் பிடி சுருங்கும், நடுப்பகுதி மட்டும் தேயும், பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்புக்குத் தெரியும்.

அளக்கும் நேரமும் முக்கியம். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்தவருக்கு உடனே ரத்த அழுத்தம் பார்த்தால் என்ன காட்டும்? ஐந்து நிமிடமாவது உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பார்ப்போம். டயருக்கு ஐந்து நிமிடம் போதாது. வண்டி நின்று 3 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஸ்டிக்கரில் உள்ள எண் அந்தக் குளிர்ந்த டயருக்கானது. ஓடிச் சூடான டயரில் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு. கூடியிருக்கிறதே என்று அப்போது காற்றைத் திறந்துவிட்டால், மறுநாள் காலை டயர் குறைந்த அழுத்தத்தில் நிற்கும். பருவம் மாறும்போதும் கவனம் வேண்டும். வெளி வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஒன்றரை பிஎஸ்ஐ அளவுக்கு இறங்கும். ஓட்டை எதுவும் இல்லாமலேயே மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ போல ரப்பர் வழியே கசிந்து போகும் என்பது அந்த லாரிக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கம்பியால் தட்டிப் பார்க்கிறார்களே, அது போதாதா என்று கேட்டேன். இரட்டைச் சக்கரத்தில் ஒன்று அடியோடு படுத்துவிட்டதா என்று பார்க்கத்தான் தட்டல் உதவும், 5 பவுண்டு குறைந்தால் சத்தத்தில் தெரியாது என்றார். கண்ணாலும் தெரியாது. ரேடியல் டயர் சரியான காற்றிலேயே அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும்.

இப்போது என் வழக்கம் இதுதான். மாதம் முதல் ஞாயிறு, காலையில், வண்டியை எடுக்கும் முன், எப்போதும் ஒரே கருவியால். இரண்டு கருவியில் பார்த்தால் இரண்டு எண் வரும், அப்புறம் எதை நம்புவது என்ற குழப்பம். வால்வு மூடியைத் திருகிக் கழற்றுகிறேன். கருவியை ஒரே அழுத்தாக நேராக வைக்கிறேன். உஸ்ஸென்று சத்தம் தொடர்ந்தால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். எண்ணை நோட்டில் எழுதுகிறேன். ஒரு டயர் மட்டும் மாதாமாதம் மற்றவற்றைவிட அதிகமாக இறங்கினால் ஆணியோ வால்வோ என்று தேடுகிறேன். வால்வில் கசிகிறதா என்று பார்க்கச் சிலர் எச்சிலைத் தொட்டு வைப்பார்கள். என் தொழில் அதை ஒப்புக்கொள்ளாது. ஒரு துளி சோப்புத் தண்ணீர் போதும், கசிந்தால் குமிழி வரும். மூடியை மறக்காமல் போட்டுவிடுங்கள். காற்றை அடைப்பது உள்ளே இருக்கும் ஊசிதான் என்றாலும், அதற்குள் மண் புகாமல் காப்பது அந்த மூடி.

டிக்கிக்குள் கிடக்கிற ஸ்டெப்னியை நான் முதல் ஆறு மாதம் எட்டியே பார்க்கவில்லை. பார்த்தபோது அதில் 9 பிஎஸ்ஐ இருந்தது. இதைப் பற்றி அதற்கு மேல் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. சில கார்களில் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி இருக்கும். அதற்கு 60 பிஎஸ்ஐ, வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று அதன்மேலேயே எழுதியிருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் ஆஸ்பத்திரியை இழுக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இழுக்காமல் எப்படி? டயரில் ஆணி ஏறியிருந்தால் வழியிலேயே பிடுங்கக் கூடாது. காயத்தில் குத்தி நிற்கும் பொருளை நாங்களும் பிடுங்க மாட்டோம், அடைத்துக்கொண்டிருப்பதே அதுதான். டியூப்லெஸ் டயர் ஆணியோடு மெதுவாகத்தான் இறங்கும். அழுத்தம் பார்த்து, தேவையானால் காற்றடித்து, பஞ்சர் போடுகிற இடம்வரை நிதானமாக ஓட்டிப் போகலாம். தரையைத் தொடும் பகுதியில் சிறிய துளை என்றால் சரிசெய்யலாம். பக்கச்சுவரில் என்றால் டயரை மாற்றுவதுதான் வழி. அதே பக்கச்சுவரில் கொப்புளம் போல ஒரு புடைப்புத் தெரிந்தால் உள்ளே இழை அறுந்துவிட்டது என்று பொருள். ரத்தக்குழாயின் சுவர் பலவீனப்பட்டுப் புடைத்தால் நாங்கள் எப்படிப் பதறுவோமோ அப்படிப் பதற வேண்டிய விஷயம் அது.

டயர் தேய்ந்திருக்கும் விதத்தைப் படிக்கப் பழகினால் நோயைச் சொல்லிவிடலாம். இரண்டு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடு தேய்ந்தால் அதிகம். ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியில்லை. அங்கங்கே குழிகுழியாக என்றால் ஷாக் அப்சார்பரையோ பேலன்ஸிங்கையோ பார்க்க வேண்டும். பட்டன்களுக்கு இடையே பள்ளத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம். தேய்மானம் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழைத் தண்ணீரை ஒதுக்க அதற்குமேல் அதனால் முடியாது. தேயாமலே கிழடு தட்டுவதும் உண்டு. பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் எழுத்துக்களின் முடிவில் நாலு எண் இருக்கும். என் வண்டியில் 1417 என்று இருந்தது: 2017ஆம் ஆண்டின் 14ஆம் வாரம் செய்தது. பல தயாரிப்பாளர்கள் 10 ஆண்டைக் கடைசி எல்லையாகச் சொல்கிறார்கள், ரப்பரில் வெடிப்புத் தெரிந்தால் அதற்கும் முன்னே மாற்ற வேண்டும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின்னாக மாற்றிப் போட்டால் நாலும் ஒரே சீராகத் தேயும். பக்கத்தில் அம்புக்குறி போட்ட டயரை மட்டும் இடம் வலம் மாற்றாதீர்கள். நைட்ரஜன் பற்றியும் கேட்பார்கள். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அடித்தால் கெடுதல் இல்லை, ஆனால் அடித்துவிட்டோம் என்று அழுத்தம் பார்க்காமல் இருந்தால் கெடுதல்.

ஓரம் தேய்ந்த அந்த நாலு டயரையும் நான் மாற்ற வேண்டி வந்தது. மாற்றிய அன்று அந்த லாரிக்காரர் வீட்டு வாசலில், அவர் ஜன்னலுக்கு நேராகவே நிறுத்தினேன். ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார். அவருக்கு அன்று எவ்வளவு இருந்தது என்று எழுத மாட்டேன், அது அவருக்கும் எனக்கும் இடையில் உள்ள விஷயம்.

உங்களிடம் கேட்பது சின்ன உதவி. அடுத்த முறை டயர் பற்றி எழுதும்போது, உங்கள் வண்டியின் ஸ்டிக்கரைப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இடமிருந்தால் ஓரமாக ஒரு சிறு கட்டம்: 30 பிஎஸ்ஐ என்றால் 2.07 பார், 207 கிலோபாஸ்கல். 33 என்றால் 2.28 பார், 228 கிலோபாஸ்கல்; 36 என்றால் 2.48 பார், 248 கிலோபாஸ்கல். இடமே இல்லை என்றால் எண்ணுக்குப் பக்கத்தில் பிஎஸ்ஐ என்று மட்டுமாவது போடுங்கள். நாலே எழுத்துதான்.

இப்படிக்கு,
உங்கள் நாளிதழைக் காலையில் முதல் வீட்டு வாசலில் காத்திருக்கும்போது படிக்கும் ஒரு செவிலியர்